கம்பெனி அவதூறு வழக்குப் போட்டால் என்ன செய்வது? சேலம், சேர்வராயன் மலைப் பகுதி ஆர்வலர்களுக்கான கேள்வி பதில்

திருமணிமுத்தாற்றில் நுரை, கிணற்றில் சாயம், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவின் புளித்த வாடை, மலைமேல் பாக்சைட் தோண்டிய பள்ளம், சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் வெடிச்சத்தம். இப்படி ஏதோ ஒன்றைப் பற்றி நோட்டீஸ் அடித்தோ வீடியோ போட்டோ ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, அல்லது வரும்போலத் தெரிகிறது. உங்களுக்காகத்தான் இந்தப் பக்கம். எல்லாருக்கும் பொதுவான விவரங்களை எழுதியிருக்கிறோம். உங்கள் வழக்குக்கு வக்கீல் வைத்தே ஆக வேண்டும்.

ஒரு கோடி கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா?

வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட்டு உத்தரவு அல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரர் சொன்னதை லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பிய கடிதம். "ஏழு நாளில் பதிவை நீக்கி, பத்திரிகையில் மன்னிப்பு வெளியிட்டு, ஒரு கோடி தர வேண்டும்" என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஸ்பீடு போஸ்ட் செலவு மட்டும்தான்.

அதே தொகைக்கு வழக்குப் போடுவதென்றால் செலவு வேறு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட்டு கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. ஒரு கோடி கேட்டால் மூன்று லட்சம் முதலிலேயே கட்ட வேண்டும். நோட்டீஸில் கோடிகளில் கேட்பவர்கள் பிராதில் (கோர்ட்டில் தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) சில லட்சத்தோடு நிறுத்திக்கொள்வதற்கும், "இனி பேசக்கூடாது" என்ற உறுத்துக்கட்டளையை (தடை உத்தரவை) மட்டும் பெரிதாகக் கேட்பதற்கும் இதுவும் ஒரு காரணம். உங்களிடம் பணம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது உங்கள் வாயை அடைப்பதுதான்.

உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதால் லாபம் எதுவும் இல்லை. "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதிவிட்டால் கோர்ட்டு அதைச் சார்பு செய்யப்பட்டதாகவே, அதாவது உங்களிடம் முறைப்படி சேர்க்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

பதில் அனுப்பியே ஆக வேண்டுமா?

அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் "நோட்டீஸுக்குப் பதிலே இல்லை, ஆகவே ஒப்புக்கொண்டார்" என்று பிராதில் ஒரு பத்தி நிச்சயம் வரும். சுருக்கமாகப் பதில் அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கம் போதும். கோபத்தில் மூன்று பக்கம் எழுதி, அதில் புதிதாக நான்கு குற்றச்சாட்டைச் சேர்த்து, புது வழக்குக்கு அடிபோட்டுக் கொடுப்பவர்கள் உண்டு.

பதிலின் முதுகெலும்பு இப்படி இருக்கலாம்: "தங்கள் கட்சிக்காரர் குறிப்பிடும் பிரசுரத்தின் இரண்டாம் பத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இன்ன தேதியிட்ட ஆய்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டது. பொதுநலன் கருதி நல்லெண்ணத்துடன் வெளியிடப்பட்டது. எந்த வாக்கியம் தவறு என்பதை ஆவணத்துடன் சுட்டிக்காட்டினால் பரிசீலித்துத் திருத்தம் வெளியிடத் தயார்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவர்கள் ஆவணம் அனுப்பாவிட்டால், அந்த மௌனம் பின்னால் உங்களுக்கு உதவும். அனுப்பி, அதில் நீங்கள் சொன்னது தவறு என்று தெரிந்தால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்துங்கள். அது மானக்கேடு இல்லை.

மன்னிப்பு கேட்டு முடித்துவிட்டால் என்ன?

அது உங்கள் முடிவு. அதற்காக உங்களை யாரும் பழிக்கக்கூடாது. ஆனால் கையெழுத்துக்கு முன் வாசகத்தைப் படியுங்கள். "இனி எக்காலத்திலும் நிறுவனத்தைப் பற்றி எதுவும் பேசமாட்டேன்" என்ற வரி இருந்தால், உங்கள் கிணற்றில் நாளை என்ன கலந்தாலும் நீங்கள் ஊமை. "என்னைத் தூண்டியவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் கேட்டால், உங்கள் கையெழுத்தை வைத்து அடுத்தவர்மீது வழக்குப் போடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

கம்பெனிக்கு என்ன மானம்? அதற்கு அவதூறு வழக்குப் போட உரிமை உண்டா?

உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின் விளக்கமே கம்பெனியையும் சங்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகள்தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கின்றன. சிவிலிலும் நிறுவனம் தன் வியாபாரப் பெயர் கெட்டது என்று நஷ்டஈடு கேட்கலாம். இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, லாப நோக்குள்ள நிறுவனம் பலத்த பண நஷ்டத்தைக் காட்டினால்தான் அவதூறு வழக்கு நிற்கும். இங்கே அப்படி ஒரு வரம்பு சட்டத்தில் இல்லை.

சிவில், கிரிமினல் இரண்டும் போடுவார்களா?

போடலாம். சிவில் வழக்கில் பணமும் தடையும் கேட்பார்கள். பிரசுரம் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். இணையப் பதிவுக்கு முதலில் ஏற்றிய நாள்தான் கணக்கு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. ஆனால் பழைய வீடியோவையே புதிதாக மீண்டும் ஏற்றினால், கணக்கும் புதிதாகத் தொடங்கியது என்று வாதிட வழி கொடுக்கிறீர்கள்.

கிரிமினல் அவதூறுக்கு அதிகபட்சம் இரண்டாண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இதற்குக் காலவரம்பு மூன்றாண்டு. இந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு விரோதம் என்று போட்ட வழக்கை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே அந்த வாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமா?

அவதூறுக்கு மட்டும் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் நேராக ஜே.எம். (நீதித்துறை நடுவர்) கோர்ட்டில் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான், சமாதானமாகவும் போகலாம். போனில் கூப்பிட்டால் எந்தப் பிரிவு, எந்த மனு, சி.எஸ்.ஆர். எண் (ஸ்டேஷனில் புகாருக்குத் தரும் ரசீது எண்) என்ன என்று கேளுங்கள், எழுத்தில் சம்மன் கேளுங்கள். சில சமயம் மிரட்டல், பணம் பறிப்பு, வதந்தி பரப்புதல் என்று வேறு பிரிவுகளைச் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போடப்படும். அப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 35(3)இன்படி நோட்டீஸ் வரலாம். அந்த நோட்டீஸ் வந்தால் வக்கீலோடு போயே ஆக வேண்டும்.

"பணம் பறிப்பு" புகாருக்கு இடம் கொடுக்காதீர்கள். நிறுவனத்து ஆள் "பேசி முடிச்சுக்கலாம், டீக்கடைக்கு வாங்க" என்றால் தனியாகப் போகாதீர்கள். ஊர்க் கோயில் நன்கொடை என்றுகூட ஒரு ரூபாய் வாங்காதீர்கள்.

தனிநபர் புகாரில் ஒரு புது வசதி வந்திருக்கிறது. அதே நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி, நடுவர் புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்கு, அதாவது புகாருக்கு ஆளானவருக்கு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். பழைய சட்டத்தில் இது இல்லை. அந்த நோட்டீஸ் வந்தால் வாய்தா வாங்கிக்கொண்டே போகாமல், ஆவணங்களோடு எழுத்தில் பதில் கொடுங்கள். நீங்கள் அந்த கோர்ட்டின் எல்லைக்கு வெளியே குடியிருந்தால், சம்மன் அனுப்புமுன் நடுவர் விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்பது 225ஆம் பிரிவு. ஏற்காட்டுக்காரரை மும்பை கோர்ட்டுக்கு இழுக்கும்போது இந்த இரண்டு பிரிவும் கைகொடுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வராமல் வக்கீல் மூலம் ஆஜராக 228ஆம் பிரிவில் மனு போடலாம். புகாரையே ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போவது 528ஆம் பிரிவில்.

எங்களுக்குத் தெரியாமலேயே தடை வாங்கிவிடுவார்களா?

முயல்வார்கள். அவதூறு வழக்கில் உண்மையான சண்டை இங்கேதான் நடக்கிறது. இறுதித் தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். இடைக்காலத் தடை ஒரே நாளில் கிடைத்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது, பிறகு வழக்கு தூங்கினாலும் கவலை இல்லை.

நோட்டீஸ் வந்த வாரமே கேவியட் மனு போடுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 148-அ பிரிவு. "என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்பதுதான் அதன் சாரம். 90 நாள் உயிரோடு இருக்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நகலை எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய ரசீது வேண்டும். இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, வாதியின் பெயரைத் தவறாக எழுதுவது. நோட்டீஸில் உள்ள முழுப் பெயரை அப்படியே எழுதுங்கள், "பிரைவேட் லிமிடெட்" உட்பட. இரண்டு, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு கோர்ட்டில் மட்டும் போட்டுவிட்டு இருப்பது. முன்சீப், சார்பு, மாவட்ட நீதிமன்றம் என்று வழக்கு எங்கெல்லாம் வரலாமோ அங்கெல்லாம் போட வேண்டும். கம்பெனியின் பதிவு அலுவலகம் சென்னையில் என்றால் அங்கும் சேர்த்து.

மீறித் தடை வந்துவிட்டால், அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 3ஐ எடுத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். வாதி மனுவின் நகலை உடனே உங்களுக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கு அபிடவிட் போட வேண்டும். இது தவறியிருந்தால் தடையை நீக்கக் கோரும் விதி 4 மனுவில் முதல் பத்தியாக எழுதுங்கள். 2024 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம், ஜீ நிறுவனம் ப்ளூம்பர்க்மீது போட்ட வழக்கில், செய்தியை அகற்றச் சொன்ன இடைக்கால உத்தரவை ரத்து செய்தது. விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுப்பது மிக அரிதாகவே நடக்க வேண்டும் என்றது. பேச்சை முடக்கப் போடும் வழக்குகளைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு எச்சரிக்கிறது. அதன் நகலை வக்கீலிடம் கொடுங்கள்.

தடை அமலில் இருக்கும்வரை அதற்குக் கட்டுப்படுங்கள். அதை மீறிப் பதிவு போட்டால் அவதூறு வழக்கு அவமதிப்பு வழக்காக மாறும். முதல் வழக்கில் உங்களிடம் ஆதாரம் இருந்திருக்கும், இரண்டாவதில் எதுவும் இருக்காது.

சம்மன் வந்துவிட்டது. எத்தனை நாள் இருக்கிறது?

கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை (பிராதுக்கு உங்கள் எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள்வரை நீட்டலாம். 90ஐத் தாண்டினால் கதவு முழுக்க மூடிவிடாது, மிக வலுவான காரணம் இருந்தால் கோர்ட்டு ஏற்கலாம். இதைச் சொன்ன 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயரே சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம். நம் ஊர் வக்கீல்கள் வாங்கிய தீர்ப்பு, நாடெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்காக அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆஜராகாமல் விட்டு எக்ஸ்பார்ட்டி (நீங்கள் இல்லாமலே தீர்ப்பு) ஆகிவிட்டால், தீர்ப்பான நாளிலிருந்து 30 நாளில் அதை நீக்க மனு போட வேண்டும். சம்மன் சரியாகச் சார்பாகவில்லை என்றால் தெரிந்த நாளிலிருந்து கணக்கு.

எதிருரையில் பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்கள் அவதூறு என்று சொல்லும் சொற்களைப் பிராதில் அப்படியே எடுத்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். "பல அவதூறான கருத்துகளைப் பரப்பினார்" என்று மொத்தமாக எழுதியிருந்தால் அதை ஓங்கிச் சொல்லுங்கள். உங்கள் தமிழ் வாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது அர்த்தத்தைக் கூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். "கழிவுநீர் கலக்கிறது" என்று நீங்கள் எழுதியது அங்கே "விஷம் வைக்கிறார்கள்" என்று போய் நிற்கலாம். பிராதில் கையெழுத்திட்டவர் செயலாளரா, இயக்குநரா, முதன்மை அதிகாரியா, அவருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானம் எங்கே என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

சொன்னது உண்மை. அது போதாதா?

சிவிலில் உண்மை முழுப் பாதுகாப்பு. கிரிமினலில் உண்மையோடு பொதுநன்மையும் இருக்க வேண்டும். இரண்டிலும் நிரூபிக்க வேண்டியது நீங்கள். அவர்கள் "பொய்" என்று சொன்னால் போதும், உண்மை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். வழக்குத் தோற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உண்மையைத் தவிர வேறு துணையும் உண்டு. 356ஆம் பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. தன் நலனையோ பிறர் நலனையோ பொதுநன்மையையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது ஒன்று. அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொன்னது இன்னொன்று. "நல்லெண்ணம்" என்றால் மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்று மட்டும் பொருள் இல்லை. சட்டத்தின் அகராதியில் அதற்குப் போதிய கவனத்தோடு செய்தது என்று பொருள். வெளியிடும் முன் என்ன சரிபார்த்தீர்கள், யாரைக் கேட்டீர்கள், நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போட்டீர்களா? நல்லெண்ணம் என்பது இந்தக் காகிதங்கள்தான்.

அதனால்தான் புகாரை முதலில் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கச் சொல்கிறோம். அந்த மனுவுக்கு உள்ள பாதுகாப்பு, அதே வாசகத்தைப் பத்திரிகைக்கும் நூறு வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பும்போது அப்படியே கூட வராது. "இன்ன தேதியில் இன்ன எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம், ஆய்வு கேட்கிறோம்" என்று எழுதினால் நிற்கும்.

துண்டறிக்கையில் எப்படி எழுதினால் மாட்டிக்கொள்ள மாட்டோம்?

மாட்டவே மாட்டோம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள்.

"இந்த ஆலை ஆற்றில் விஷம் கலந்து மக்களைக் கொல்கிறது." இதில் விஷம், கொலை, உள்நோக்கம் என்று மூன்று உரிமைகோரல் இருக்கிறது. மூன்றையும் நிரூபிக்க வேண்டும்.

"செப்டம்பர் 14 காலை 6.40க்கு இந்த ஆலையின் கிழக்கு மதிலில் உள்ள குழாயிலிருந்து ஓடையில் விழுந்த நீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 900 மில்லிகிராம். நீர்நிலையில் விட அனுமதித்த அளவு 250." (சி.ஓ.டி. என்பது நீரில் உள்ள கழிவு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று ரசாயன முறையில் பார்க்கும் அளவு.) உதாரணத்துக்காகப் போட்ட எண்கள்தான், ஆனால் இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு தாள் வைக்க முடியும். பிறகு அடுத்த வரியில் "இது வெட்கக்கேடு, எங்கள் கருத்தில் ஆலையை நிறுத்த வேண்டும்" என்று எவ்வளவு காட்டமாகவும் எழுதலாம். தகவல் உண்மையாக இருந்து, கருத்து கருத்தாகவே தெரிந்தால் கடுமைக்குப் பாதுகாப்பு உண்டு. "எங்கள் கருத்து" என்ற சொல்லை ஒட்டிவிட்டால் மட்டும் தகவல் கருத்தாகிவிடாது, இதையும் மறக்க வேண்டாம். "திருடர்கள், லஞ்சம் கொடுத்து அனுமதி வாங்கினார்கள்" என்பது எந்த மாவில் புரட்டினாலும் தகவல்தான்.

என்ன ஆதாரம் நிற்கும்?

நிறுவனமும் அரசும் எழுதிய காகிதம்தான் முதல் தரம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை நிபந்தனை இணக்க அறிக்கை தர வேண்டும். நீர், காற்றுச் சட்டங்களின்கீழ் வாரியம் கொடுத்த இயக்க இசைவாணையில் எவ்வளவு நீர் வெளியேற்றலாம், எங்கே விடலாம் என்று எண்ணிலேயே எழுதியிருக்கும். செப்டம்பர் 30க்குள் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கையும் தர வேண்டும். சுரங்கம் என்றால் குத்தகை ஆணை, எல்லை வரைபடம் எல்லாம் கனிமவளத் துறையிடம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், 30 நாள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "சான்றிட்ட நகல்" என்று மனுவிலேயே கேளுங்கள். வெறும் ஜெராக்ஸை கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்யப் படாதபாடு படவேண்டியிருக்கும். மனுவில் ஏன், எதற்கு என்று கேட்காமல் "இன்ன கோப்பின் நகல்" என்று கேட்டால்தான் பதில் வரும்.

தண்ணீர் மாதிரியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பெப்சி பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆய்வகத்தில் கொடுத்தால் அறிக்கை வரும். அதன் மேல்மூலையில் சின்ன எழுத்தில் "மாதிரி வாடிக்கையாளரால் கொடுக்கப்பட்டது, முடிவு இந்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். "இந்த பாட்டில் எங்கள் குழாயில் பிடித்தது என்று யார் சொன்னது?" கூடுதல் பணம் கொடுத்தாவது என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்து ஆளையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். ஆலைக்கு மேலே ஒன்று, கலக்கும் இடத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று குறைந்தது மூன்று இடம். பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) பார்க்க வேண்டிய பாட்டில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரம்பி, பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே ஆய்வகம் சேர வேண்டும். உலோகம் பார்ப்பதற்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட வேண்டும், அதை ஆய்வகத்தாரே தருவார்கள். வழக்கில் மிக வலுவானது, நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவின்படி வாரிய அதிகாரியே நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து எடுக்கும் மாதிரி. அதற்காகத்தான் புகார் மனுவை விடாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

திருமணிமுத்தாற்றில் இன்னொரு சிக்கல். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் நுழைந்ததும் நகரச் சாக்கடையும் சாயமும் சேகோ கழிவும் ஒன்றாகவே ஓடுகின்றன. பாலத்துக்குக் கீழே எடுத்த மாதிரியை வைத்து ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதினால் நிற்காது. ஆற்றைப் பற்றிப் பேசும்போது ஆற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். பெயர் சொல்ல வேண்டுமானால் அந்தக் குழாய்வாய்வரை போக வேண்டும். மதிலுக்கு வெளியே நின்று எடுங்கள், உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு.

படமும் வீடியோவும் எடுத்த போனிலேயே அழியாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போய்வந்த படத்தில் நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாட்சிய அதிநியமம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். முன்பு 65-ஆ என்று சொன்னதுதான். இப்போது அதில் இரண்டு பகுதி: ஒன்றை நீங்களும் மற்றொன்றை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) குறிக்க வேண்டும். போன் தொலைந்த பிறகு இதை யோசித்துப் பயனில்லை.

வழக்கு தொடங்கிய பிறகு நிறுவனத்தின் கோப்பையே கேட்கலாம். கட்டளை 11இல் எழுத்துக் கேள்விகள் கேட்கவும் ஆவணங்களைக் காட்டச் சொல்லவும் கோர்ட்டு அனுமதியோடு வழி இருக்கிறது. பம்ப் இயங்கிய பதிவேடு, கழிவுநீர் சுத்திகரிப்பு மின்கட்டணம், டேங்கர் டிரிப் ஷீட். உங்கள்மீது வழக்குப் போட்டவர் தன் கதவைத் தானே திறந்து வைக்கிறார். இதை உணர்ந்த சில நிறுவனங்கள் இந்த மனு வந்ததும் வழக்கை வாபஸ் வாங்கப் பேசத் தொடங்கும்.

நான் ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன்.

ஃபார்வர்டும் வெளியீடுதான் என்று எதிர்வாதம் வரும். பிறர் பதிவைப் பகிர்ந்தவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ரீட்வீட்டும் அப்படித்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. குரூப் அட்மின், பிறர் போட்டதற்கு அட்மின் என்பதால் மட்டும் பொறுப்பாவதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

எங்கள் குழு பதிவே ஆகவில்லை. யார்மீது வழக்கு வரும்?

பெயர் தெரிந்தவர்மீது. துண்டறிக்கையில் போன் எண் போட்டவர், அச்சகத்தில் பில் போட்டவர், மைக் பிடித்தவர். பதிவு செய்யாத குழுவுக்குத் தனி சட்ட ஆள்தன்மை இல்லை, ஆகவே தனிமனிதர்களைத்தான் பிடிப்பார்கள். எல்லா வேலையையும் ஒரே பெயரில் வைக்காதீர்கள். யார் என்ன எழுதினார், யார் சரிபார்த்தார் என்று குழுவுக்குள் ஒரு நோட்டில் தேதியோடு இருக்கட்டும்.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது?

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சேர்வராயன் மலையில் உள்ள மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே மலைக் கிராமத்தில் பிரதிவாதி ஆக்கப்படும் பலருக்கு இந்த உரிமை நேராகவே கிடைக்கும். சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்க முடியாவிட்டால் 15100க்கு அழைக்கலாம்.

வென்றால் அவர்களிடம் செலவு வாங்கலாமா என்றால், பொய் வழக்குக்கான ஈட்டுத்தொகைக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் 35-அ பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு 3,000 ரூபாய். இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எதிராக 2024இல் தனி நெறிமுறையே கொண்டுவந்தது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை.

சாதாரண மனிதர்கள் பெரிய கம்பெனியை எதிர்த்து நின்றிருக்கிறார்களா?

லண்டனில் 1986இல் ஒரு சிறிய குழு மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிட்டது. 1990இல் ஐந்து பேர்மீது வழக்கு. மூவர் மன்னிப்பு கேட்டு விலகினார்கள். ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் இருவர் மட்டும் நின்றார்கள். அங்கே அவதூறு வழக்குக்குச் சட்ட உதவி கிடையாது, ஆகவே தாங்களே வாதாடினார்கள். 1994 ஜூனில் தொடங்கிய விசாரணை 313 நாள் நடந்தது. 1997 ஜூன் 19இல் தீர்ப்பு. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம், சில விலங்குகள்மீதான கொடுமை, குறைந்த கூலி ஆகியவை நிரூபணமாயின. மழைக்காடு அழிப்பு, ஏழை நாடுகளில் பட்டினி பற்றிய வரிகள் நிரூபணமாகவில்லை. அதற்கு 60,000 பவுண்டு நஷ்டஈடு, மேல்முறையீட்டில் 40,000 ஆனது. 2005 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்ட உதவி இல்லாமல் நடந்த அந்த விசாரணை நியாயமானதல்ல, பேச்சுரிமையும் மீறப்பட்டது என்று பிரிட்டன் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எந்த வரியில் தோற்றார்கள் என்று கவனியுங்கள். உலகம் அளவுக்கு விரிந்த வரிகளில். எதில் வென்றார்கள்? நிறுவனத்து அதிகாரிகளையே கூண்டில் ஏற்றிக் கேட்ட கேள்விகளில். இன்னொன்று, அந்தக் குழுவின் கூட்டங்களுக்கு நிறுவனம் தனியார் துப்பறிவாளர்களை உறுப்பினர் போல அனுப்பியிருந்தது வழக்கில் வெளியே வந்தது. உங்கள் குழுவில் திடீரென்று எல்லா வேலைக்கும் முன்வரும் புதியவரை விரட்ட வேண்டாம், கையில் மூலக் கோப்பைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

இங்கே டாட்டா நிறுவனம் ஒடிசாவின் தம்ரா துறைமுகம் பற்றிய இணைய விளையாட்டுக்காகக் கிரீன்பீஸ்மீது பத்துக் கோடி கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. தென்மாவட்டக் கடற்கரைத் தாது மணல் பற்றிய செய்திக்காகப் பத்திரிகையாளர்மீது போட்ட கிரிமினல் புகாரை 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. சின்னப் பிழைகளுக்காகவெல்லாம் வழக்கு நடத்த முடியாது என்றது. அதைப் பிடித்துக்கொண்டு அலட்சியமாக எழுதிவிடாதீர்கள்.

வழக்கு நடக்கும்போது பிரசாரம் செய்யலாமா?

தடை இல்லாவிட்டால் செய்யலாம். கிராம சபை தீர்மானம், வாரியத்துக்குப் புகார், பசுமைத் தீர்ப்பாய மனு எதுவும் நிற்க வேண்டியதில்லை. கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதலாம். நீதிபதியைப் பற்றி யூகம் வேண்டாம். வழக்கில் பெயர் உள்ளவர்கள் மைக் பிடிக்காமல் மற்றவர்கள் பேசினால் வக்கீலுக்குத் தலைவலி குறையும்.

வக்கீலை முதலில் பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

வந்த உறை, நோட்டீஸ். நீங்கள் வெளியிட்ட பிரசுரத்தின் மூலப்பிரதி, எத்தனை பிரதி, எந்தத் தேதி, எந்த ஊர். இணையப் பதிவு என்றால் முகவரி தெரியும்படி பிரிண்ட், பதிவை நீக்கினாலும் இது வேண்டும். பிறகு ஒரு நீளத் தாளில் இடப்பக்கம் உங்கள் வாக்கியங்களை ஒன்றொன்றாக எழுதுங்கள், வலப்பக்கம் அதற்கான ஆவணம். ஆவணம் இல்லாத வாக்கியத்துக்கு எதிரே வெறுமையாக விட்டுவிடுங்கள், பூசி மெழுக வேண்டாம். வக்கீல் முதலில் பார்ப்பது அந்த வெற்றிடங்களைத்தான்.